கணக்கை முடித்துவிட்ட பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

(கோத்தகிரியில் ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மற்றவர்கள் கணக்கை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் விடையும் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நம் எல்லோர் வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு. இல்லையென்றால், "பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்று ஒரு சாக்பீஸ். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனைதான் இது.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடு. சரி, மலரையும் தாண்டிவிட்ட பிள்ளைக்கு? அங்கேதான் கம்ப்யூட்டர் உதவும். வீடியோ போட்டுக் காட்டுவதைச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

நம் ஊட்டிப் பக்கம் முத்தோரையில், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இவ்வளவு பெரியதைச் சமதளத்தில் வைக்காமல் ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள்? கேள்வியை மட்டும் கொடுங்கள். கூடவே ஜியோஜீப்ரா, அதாவது வடிவங்களை வரைந்து, இழுத்து, அளந்து பார்க்கும் கணித மென்பொருள். இலவசம், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நம் மழைக்காலத்துக்கு அது வேண்டும்!

ஒரு வட்டம், அதுதான் பூமி. நடுவே மேலிருந்து கீழாகச் சுழலும் அச்சு. வட்டத்தின் மேல், ஊட்டி இருக்கும் 11 டிகிரி அட்சரேகையில் ஒரு புள்ளி, அங்கே தரைக்குப் பதிலாக ஒரு தொடுகோடு, அதாவது வட்டத்தை அந்தப் புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் கோடு. அந்தக் கோட்டுக்கும் அச்சுக்கும் இடையே கோணம் அளந்தால் அதே 11. புள்ளியை மேலே இழுக்க இழுக்கக் கோணமும் கூடிக்கொண்டே போகும். மலைச்சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் நகரும் ஒன்றை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம்.

தொடுகோடு பெரிய வகுப்புப் பாடமாயிற்றே என்பீர்கள். ஏழாம் வகுப்பில் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அப்புறம் ஒன்று. முதல் ரேங்க் பிள்ளையை மட்டும் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். வீட்டில் படுக மொழியோ இருளர் மொழியோ பேசும் பிள்ளை தமிழ்க் கட்டுரையில் தடுமாறலாம். மவுஸைக் கையில் கொடுத்தால் அந்தக் கோணத்தை முதலில் பிடிப்பது அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம். கேள்வியை முழு வகுப்புக்கும் போடுங்கள். மணி அடித்த பிறகும் யார் விடாமல் வந்து நச்சரிக்கிறார்களோ, பள்ளியின் கம்ப்யூட்டர் அறையான ஹைடெக் லேபில் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

விடை வந்ததும், "இதையே ஸ்ரீநகரில் கட்டினால் எவ்வளவு சரிவு வேணும்?" என்று கேளுங்கள். நீங்கள் முன்னாலேயே பார்த்து வைத்திருக்க வேண்டியதில்லை; அவர்களே போட்டுக் காட்டட்டும்.