பிடரியில் ஒட்டிய வைக்கோல்

வணக்கம் நேயர்களே.

புதிதாக ஒரு குதிரையை வாங்கி, அதைக் கண்காட்சியில் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பயிற்சியை எப்போது ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன், "குதிரை படுத்துத் தூங்குகிறதா?"

குதிரை நின்றபடியே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வெறும் கண்ணயர்வு. ஆழ்ந்த தூக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடுவதால் அதற்குப் படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரை மணி நேரமாவது அந்தத் தூக்கம் தேவை. படுத்திருக்கும் குதிரையால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. அதனால் புது இடத்தில், முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவே, அது படுக்கவே துணியாது.

என்னிடம் வந்த ஒரு பழுப்புப் பெண் குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போதே வியர்வையில் நனைந்திருந்தது. லாயத்தின் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டது. புல்லை ஒரு வாய் கடிக்கும். வெளியே வாளி வைக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி, மெல்லுவதை அப்படியே நிறுத்திவிடும். கடைவாயில் புல் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் வைக்கோல் விரிப்பு போட்டது போட்டபடியே இருக்கும். ஒன்பது நாள் இப்படிப் போனது.

அந்த ஒன்பது நாளும் நான் பயிற்சி என்று எதுவும் கொடுக்கவில்லை. அதற்கு முன்பு ஒரு குதிரையை இரண்டாவது வாரமே திடலுக்கு அழைத்துப் போனவன் நான். ஒலிபெருக்கி அலறியதும் அது பின்னங்கால்களில் எழுந்து, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதன் பிறகு வண்டியில் ஏறவே பல மாதம் மறுத்தது. அது முழுக்க என் தவறு. குதிரைமேல் ஒரு குற்றமும் இல்லை.

சரி, முதல் நாட்களில் என்னதான் செய்வது? குதிரையின் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் வாய்க்கு எட்டும் தூரத்தில் எப்போதும் உலர்புல் இருக்கட்டும். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்துவிடும். பழைய இடத்தில் தின்ற தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வாருங்கள். புதியதை அதோடு கலந்து, 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள். தொற்றுக்கு அஞ்சி இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுவது நல்லதுதான். ஆனால் இன்னொரு குதிரை அதன் கண்ணில் பட வேண்டும். கூட்டமாக வாழ்கிற உயிருக்குத் தனிமையே பெரிய பயம்.

அப்புறம், நேராக நெற்றியைத் தடவப் போகாதீர்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றுப் பார்வை உண்டு. ஆனால் நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் தெரியாது. பக்கவாட்டில், பேசிக்கொண்டே வாருங்கள். கழுத்து தோளோடு சேரும் மேட்டில் விரல்களால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். என் குதிரை முதன்முதலில் மேலுதட்டை நீட்டி, கண்ணைப் பாதி மூடியது அப்படித்தான்.

பத்தாம் நாள் காலை, அதன் பிடரியில் நாலைந்து வைக்கோல் இழைகள் ஒட்டியிருந்தன. அன்றைக்குத்தான் பிடிகயிற்றைக் கையில் எடுத்தேன்.

கண்காட்சியில் கையில் பிடித்துக் காட்டுகிற குதிரை செய்ய வேண்டியது அதிகமில்லை. நடுவர் முன் நான்கு காலிலும் சீராக நிற்க வேண்டும். நடந்தும், ட்ராட் எனப்படும் மிதமான ஓட்டத்திலும் நேராகப் போய் வர வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கயிற்றை லேசாக இறுக்குங்கள், ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியே தளர்த்துங்கள். அந்தத் தளர்வில்தான் அது பாடத்தைப் புரிந்துகொள்கிறது. தாமதமாகத் தளர்த்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. பயப்படுகிற பொருளும் அப்படியே. விரித்த குடையைத் தூரத்தில் வையுங்கள். குதிரை நின்று பார்த்து, பெருமூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தியதும் அதைத் திருப்பி அழைத்துப் போய்விடுங்கள். அடுத்த முறை தானாகவே இன்னும் நாலடி கிட்டே போகும். கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், எவ்வளவு சாதுவான குதிரையாக இருந்தாலும்.

கைதட்டலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பழகட்டும் என்று லாயத்தில் ஒரு வானொலி வைத்தேன். முதலில் முணுமுணுப்பாக, நாள்பட நாள்பட சத்தமாக. தின்னும் நேரத்தில் மட்டும்.

முதல் கண்காட்சிக்கு அழைத்துப் போனபோது போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் உலர்புல் வலையோடு கட்டி, நானும் உட்கார்ந்துவிட்டேன். கொடிகள் படபடத்தன, கூட்டம் கத்தியது. ஒலிபெருக்கி அலறியபோது தலையைத் தூக்கியது, மெல்லுவதை நிறுத்தியது. நான் தோள்மேட்டில் கை வைத்தேன். காது ஒன்று என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மெல்லத் தொடங்கியது.