பின்வளவில் ஒரு பீட்சாப் போறணை

வணக்கம் நேயர்களே. பின்வளவில் பீட்சாப் போறணை ஒன்றை அமைக்கும் ஆவல் மெல்பேர்ணில் நம்மவரிடையேயும் பெருகி வருவதால், அதை எப்படி அமைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று பேசும்படி இந்நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். இந்த நகரத்துக்கு இது புதிய பழக்கம் அன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இங்கு வந்து குடியேறிய இத்தாலியர் பலர் தங்கள் வளவுகளிலேயே விறகுப் போறணை கட்டிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துப் பாண் போறணையைப் பார்த்தவர்களுக்கும் இதன் அடிப்படை விளங்கும். உள்ளே விறகை எரித்துக் கல்லில் சூட்டை ஏற்றி, அந்தச் சூட்டில் வேகவைப்பதே இரண்டிலும் நடக்கிறது. பாணுக்குத் தணலை வெளியே இழுத்துவிடுவார்கள். பீட்சாவுக்கோ நெருப்பு ஒரு பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். வீட்டுச் சமையலறையின் மின் அடுப்பு பெரும்பாலும் 250 பாகை செல்சியஸ் அளவில் நின்றுவிடும். நாப்போலி நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பீட்சாச் சங்கத்தின் விதிகளோ, போறணையின் தளம் ஏறக்குறைய 380 முதல் 430 பாகை வரையும், மேற்கூரை 485 பாகை அளவிலும் இருக்க வேண்டும் என்றும், பீட்சா 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. தளக்கல் அடிப்பக்கத்தை வாட்ட, கூரையின் வளைவு வாங்கிய சூட்டைக் கீழ்நோக்கி வீச, பக்கத்து நெருப்பின் சுவாலை அந்த வளைவைத் தழுவிக்கொண்டு மேற்பக்கத்தைக் கடந்து போக, மாவின் ஈரம் வற்றுவதற்கு முன்பே விளிம்பு ஊதி எழுந்துவிடுகிறது. பதினைந்து நிமிடம் அடுப்பில் கிடந்து காய்ந்த பீட்சாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

இனி, எந்த வகையை வாங்குவது என்ற கேள்வி. மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ, நான்கைந்து பேருக்கு மட்டும் பீட்சா செய்யப்போகிற குடும்பம் செங்கல் போறணை கட்டவே வேண்டாம் என்பது என் துணிபு. எரிவாயுவில் இயங்கும் சிறிய உருக்குப் போறணை இருபது முப்பது நிமிடங்களில் தயாராகிவிடும், மேசையில் வைக்கலாம், வீடு மாறினால் கொண்டு போகலாம். செங்கல் போறணைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விறகு எரிக்க வேண்டும். அந்த விறகுக்கும் நேரத்துக்கும் பயன் கிடைப்பது, மறுநாள் வரை அதில் தங்கியிருக்கும் சூட்டில் பாணும் ஆட்டிறைச்சியும் வேகவைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான். அயலவர் கட்டியிருக்கிறார் என்பதற்காகக் கட்டப்பட்டு, இன்று பூந்தொட்டி வைக்கும் மேடையாகிவிட்ட போறணைகள் இந்நகரில் ஒன்றிரண்டல்ல.

கட்டுவதென்று தீர்மானித்தவர்கள் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். உள்விட்டம் ஒரு மீற்றர் கொண்ட போறணை, அதன் மேடையையும் சேர்த்தால், ஒரு தொன்னைத் தாண்டும். மெல்பேர்ணின் மேற்குப் புறநகர்களில் உள்ள களிமண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்குவது; கம்பி கட்டிய கொங்கிறீட் தளம் இல்லாமல் அதன்மேல் கட்டினால், போறணை சாய்வதற்கு முன்பே வெடித்துவிடும். அந்தத் தளத்துக்கும் போறணையின் தளக்கல்லுக்கும் இடையில் வெப்பம் கடத்தாத பலகை கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பலகையைத்தான் முதலில் வெட்டுவார்கள். பிறகு கூரை கொதிக்க, தளம் மட்டும் ஆறிக்கொண்டே போக, மேலே கருகி அடியில் பச்சையாக இருக்கும் பீட்சாவைத் தின்பார்கள்.

தளத்துக்கும் வளைவுக்கும் கடுஞ்சூட்டைத் தாங்கும் உலைச் செங்கல்லையே பயன்படுத்துங்கள். தளக்கற்களைச் சாந்து பூசி ஒட்டக் கூடாது. மணலும் உலைக்களிமண்ணும் கலந்த மெல்லிய படுக்கையில் வெறுமனே நெருக்கி அடுக்கினால், ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கற்களின் விளிம்பு வாசலுக்கு நேராக நில்லாமல் மூலைவாட்டாக அமைந்தால், பீட்சாவை எடுக்கும் நீண்ட பிடிப் பலகை தட்டுப்படாமல் வழுக்கிச் செல்லும். சாதாரணச் சீமெந்து 400 பாகைக்கு மேல் தன் நீரை இழந்து உதிரத் தொடங்கும்; ஆகவே உள்வளைவின் மூட்டுகளுக்கு வெப்பம் தாங்கும் சாந்து தேவை. வாசலின் உயரம் உள்வளைவு உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது போறணை கட்டுபவர்கள் வழிவழியாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதற்கு மேல் உயர்ந்தால் சூடு வெளியேறும், மிகவும் தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். சூடு வெளியேறாமல் வளைவின்மேல் போர்த்தும் வெண்ணிறப் பீங்கான் நார்க் கம்பளத்தை வெட்டும்போது மூக்குக் கவசம் அணியுங்கள். அதன் நுண்ணிய நார் நுரையீரலுக்குப் பகை.

கட்டி முடித்த அன்றே பெருநெருப்பு மூட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. கல்லிலும் சாந்திலும் தங்கியிருக்கும் நீர் ஆவியாகும்போது ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் அது வளைவைப் பிளந்துகொண்டு வரும். முதலில் சில வாரம் உலரவிட்டு, பிறகு சுள்ளி நெருப்பில் தொடங்கி, நாளுக்கு நாள் சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு கிழமையாவது பொறுமையாகப் பழக்க வேண்டும். மயிரளவு வெடிப்புகள் சில தோன்றத்தான் செய்யும். அவற்றுக்காகக் கலங்க வேண்டியதில்லை.

விறகு நன்றாக உலர்ந்த வன்மரமாக இருக்கட்டும். இங்கு கிடைக்கும் ரெட் கம், அயன்பார்க் இரண்டும் ஏற்றவை. பழைய வேலியையோ தோட்டப் பலகையையோ உடைத்துப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பல, செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றப்பட்ட பைன் மரம். எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் வரும். அரளிக் கொப்பும் ஆகாது. விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வெளியிடத்தில் விறகுப் போறணை மூட்டுவது குற்றம். எரிவாயு அடுப்புக்குக்கூட அன்று சுற்றிவர மூன்று மீற்றர் வெறுமையும், அருகில் தண்ணீரும், பெரியவர் ஒருவரின் காவலும் வேண்டும். பிளாஸ்டிக் திரைகளால் அடைத்த முற்றத்துக்குள் எந்தப் போறணையையும் எந்த நாளிலும் இயக்காதீர்கள்; கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பயன்படுத்தும் நாளில் நெருப்பை நடுவில் மூட்டுங்கள். முதலில் புகைக்கரி படிந்து வளைவு முழுவதும் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து, உச்சியிலிருந்து வெளிறிக்கொண்டு வரும். வளைவு முழுதும் வெளுத்ததும் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, தளத்தைக் கூட்டி, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். உடனே கறுத்தால் சற்றுப் பொறுக்க வேண்டும். சில விநாடிகளில் பொன்னிறமானால் பீட்சாவை உள்ளே விடலாம். பீட்சா மாவைக் குழைக்க, ஒரு லீற்றர் நீருக்கு 1.6 முதல் 1.8 கிலோ வரை கோதுமை மா, ஐம்பது கிராம் அளவு உப்பு, மிகக் குறைந்த ஈஸ்ட். இந்தச் சூட்டில் சீனி கருகிவிடும் என்பதால் மாவில் அதைச் சேர்க்காதீர்கள். மேலே இடுவதையும் குறையுங்கள்; கோழிக்கறியைக் குவித்து வைத்தால் தொண்ணூறு விநாடியில் எந்தப் போறணையும் அதைச் சமைத்துத் தராது.

சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே அதை மூடியுள்ள உலோக வாளியில்தான் அள்ள வேண்டும். குப்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. மாரிகாலத்தில் போறணையைத் தார்ப்பாயால் மூடி, புகைபோக்கிக்கும் தொப்பி போடுங்கள். மாதக்கணக்கில் மூட்டாமல் கிடந்து நனைந்த போறணையை, புதிதாகக் கட்டியதைப் போலவே, மீண்டும் சுள்ளி நெருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நன்றி, வணக்கம்.