காலை 5.30 மணி பொய்யாக இருந்த காலம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிரல்மொழியோடு கூடவே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பக், அதாவது பிழை, சரிசெய்வது, அதற்கு டெஸ்ட் எழுதுவது, எழுதிய டெஸ்ட்டைக் கட்டிக் காப்பது, இதுதான் இன்றைய பேச்சு. கேட்டாலே தூக்கம் வரும் தலைப்பு, தெரியும். அதனால் விளக்கமெல்லாம் அப்புறம், நேராக ஒரு கதைக்குப் போய்விடலாம்.

பைத்தான் மொழியில் தேதி, நேரத்தைக் கையாளும் டேட்டைம் மாட்யூலை நீங்கள் எல்லோரும் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் தேதி இல்லாமல் நேரத்தை மட்டும் வைத்திருக்கும் டைம் ஆப்ஜெக்ட் ஒன்று உண்டு. ஒரு படிவத்தில் 'நினைவூட்ட வேண்டிய நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஆள் நிரப்பினால் நேரம் வரும், நிரப்பாவிட்டால் காலியாக வரும். நாம் என்ன எழுதுவோம்? ஒரு இஃப் போட்டு, நேரம் இருந்தால் அலாரம் வை என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நாளெல்லாம் நன்றாக ஓடும். யாராவது நள்ளிரவு 12 மணியைக் கொடுத்தால் மட்டும், அவர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று புரோகிராம் சாதிக்கும். ஏனென்றால் பைத்தான் 3.5 வரும்வரை நள்ளிரவு என்பது ஃபால்ஸ், அதாவது பொய். பூஜ்யம் ஃபால்ஸ், காலி லிஸ்ட் ஃபால்ஸ், அந்த வரிசையில் 0 மணி 0 நிமிடமும் ஃபால்ஸ்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டைம்ஸோன் சேர்த்த நேரமாக இருந்தால், அதிலிருந்து யூடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மிச்சம் பூஜ்யமா என்று பார்த்தார்கள். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். ஆக, இந்திய நேரம் என்று குறித்து வைத்திருந்தால் நள்ளிரவு ட்ரூ, காலை சரியாக 5.30 மணி ஃபால்ஸ்! இலங்கைக்கும் அதேதான். அமெரிக்காக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஏனென்றால் அவர்களுடைய வித்தியாசம் மைனஸில் இருப்பதால் கழித்தால் கூடுமே தவிர, எந்த மணியைக் கொடுத்தாலும் பூஜ்யத்துக்கு வராது. கிழக்கே இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் நாளைக்கு ஒரே ஒரு நிமிடத்தின் தொடக்கத்தில் மட்டும் வரும் பக். இப்படி ஒன்றை வாடிக்கையாளர் சொல்லக் கேட்டால் நாம் என்ன சொல்லியிருப்போம்? கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்கள் சார் என்றுதான்.

2012-ல் ஒருவர் இதைப் புகாராகப் பதிந்தார். ஆவணத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது, அதனால் பக் இல்லை என்று பதில் வந்தது. பொய் இல்லை, எழுதித்தான் இருந்தது. அதற்கு டெஸ்ட்டும் இருந்தது, நள்ளிரவைக் கொடுத்தால் ஃபால்ஸ்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் ஃபெயில் என்று அஸெர்ட் போட்டு. 2014-ல் மறுபடியும் பெரிய விவாதம் நடந்து, நள்ளிரவும் மற்ற நேரங்களைப் போல ஒரு நேரம்தான் என்று முடிவாகி, 2015-ல் வந்த 3.5 பதிப்பில் மாற்றினார்கள். கோடில் செய்த வேலை என்று பார்த்தால் நேரம் ட்ரூவா ஃபால்ஸா என்று முடிவுசெய்த சின்ன மெத்தடைத் தூக்கியதுதான். டெஸ்ட்டில் ஃபால்ஸ் என்றிருந்த வரிகள் ட்ரூ ஆயின. பழைய பதிப்புகளுக்கு இந்த மாற்றத்தைக் கொண்டுபோகவில்லை, யாராவது அதையே நம்பி எழுதியிருப்பார்கள் என்ற பயம்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்த டெஸ்ட்டை. அத்தனை வருடமும் அது பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, பக்கைக் காவல் காத்துக்கொண்டு. டெஸ்ட் பாஸ் ஆகிறது என்றால் கோட் சரி என்று நினைப்போம். முன்பு எழுதியவர் கொடுத்த வாக்கு இன்னும் அப்படியே இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த வாக்கே தப்பாக இருந்தால் என்ன செய்வது? ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் வேலை செய்பவர்களுக்கு நேரம் போவது இந்தக் கேள்வியில்தான், கோட் எழுதுவதில் இல்லை.

நம்ம வீட்டு உதாரணம் ஒன்று. பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து இஸ்ஆல்ஃபா என்று கேளுங்கள், அதாவது இதில் இருப்பதெல்லாம் எழுத்துதானா என்று. ஃபால்ஸ். த, ம, ழ மூன்றும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் எழுத்துகள், ஆனால் இகரக் குறியும் புள்ளியும் எழுத்தின்மேல் ஒட்டும் குறிகள் என்று வேறு வகையில் இருக்கின்றன. அதே சொல்லை மாறியின் பெயராக வைக்கலாமா என்று இஸ்ஐடென்டிஃபையர் கேட்டால் தாராளமாக வைக்கலாம், ட்ரூ. உரையில் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லுக்குரிய எழுத்துகளின் தொடர் என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டுச் சொற்களைப் பிரித்தால் 'தமிழ்' என்ற ஒரே சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாக வெளியே வருகிறது, குறியும் புள்ளியும் காணாமல் போய்விடுகின்றன. இந்தி, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 2007-லேயே புகார் போயிருக்கிறது, 2011-ல் யூனிகோட் விதிகளை மேற்கோள் காட்டி இன்னொன்று போனது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தனியாக இன்ஸ்டால் செய்யும் ரீஜெக்ஸ் என்ற லைப்ரரியில் சரியாக வருகிறது, வேண்டுமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது: பயனர் பெயரைச் சரிபார்க்க, லாக் ஃபைலைப் பிரிக்க, தேடுபொறிக்குச் சொற்களைக் கொடுக்க என்று அந்த பேக்ஸ்லாஷ் டபிள்யூவை எத்தனையோ இடங்களில் போட்டு வைத்திருக்கிறார்கள், நாளைக்கே மாற்றினால் எங்கே எது உடையும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பக் நீண்ட நாள் இருந்துவிட்டால் அதற்குக் குடியிருப்பு உரிமை வந்துவிடுகிறது. நள்ளிரவு விஷயத்தில் காலி செய்ய வைத்தார்கள், இதில் முடியவில்லை.

பாதுகாப்பு பக்கிலேயே இந்த நிலைமை உண்டு. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புகளைப் பிரிக்கும் டார்ஃபைல் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு டார் கோப்பைப் பிரித்தால், நீங்கள் சொன்ன ஃபோல்டரைத் தாண்டி வேறெங்காவது போய் எழுதிவிடும். 2007-ல் தெரிந்த விஷயம், நம்பாத கோப்பைப் பிரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை போட்டதோடு நின்றது. 2022-ல் ஒரு பாதுகாப்பு நிறுவனம் மறுபடி தோண்டி எடுத்த பிறகு, 3.12-ல் ஃபில்டர் என்று ஒரு வசதி கொடுத்து, அது இல்லாமல் பிரித்தால் எச்சரித்து, 3.14-ல்தான் பாதுகாப்பான வழியை இயல்புநிலை ஆக்கினார்கள். ஒரே நாளில் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றைப் பராமரித்துப் பார்க்காதவர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பக் ஒன்று கிடைத்தது, என்ன செய்வது? முதலில் கோடைத் தொடாதீர்கள். அந்த பக்கைக் காட்டும் டெஸ்ட்டை எழுதி, அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. கோடைத் திருத்திய பிறகு டெஸ்ட் எழுதினால் அது எப்படியும் பாஸ் ஆகும், பக் இருந்தாலும் பாஸ் ஆகியிருக்குமா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

டெஸ்ட் எழுதுவதைவிடக் கஷ்டம், அது எல்லா மெஷினிலும் எல்லா நாளும் ஒரே பதிலைச் சொல்ல வைப்பது. பைத்தானுக்கு பில்ட்பாட் என்று பல விதமான மெஷின்கள் இருக்கின்றன, விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி, பழைய பிராசஸர் என்று, சில ஆமை வேகத்தில் ஓடும். நம் லேப்டாப்பில் ஒரு த்ரெட், அதாவது கூடவே ஓடும் ஒரு வேலை, 0.1 நொடியில் முடிகிறதே என்று அவ்வளவு நேரம் மட்டும் காத்திருக்க ஸ்லீப் போட்டு எழுதிய டெஸ்ட், அங்கே பத்தில் ஒரு தடவை விழும். பத்தில் ஒன்றுதானே, மறுபடி ஓட்டினால் பாஸ் என்று ஆளாளுக்கு ரீரன் பட்டனை அமுக்கப் பழகிவிட்டால், புலி வருது கதைதான். நிஜமாக ஒரு பக் வந்து சிவப்பு விளக்கு எரியும்போதும் ரீரன் அமுக்குவார்கள். அதனால்தான் டெஸ்ட்டுக்கென்றே ஷார்ட் டைம்அவுட், லாங் டைம்அவுட் என்று பொதுவான மாறிகள் வைத்திருக்கிறார்கள், உங்கள் இஷ்டத்துக்கு நொடிக்கணக்கு எழுதாதீர்கள் என்று.

பைத்தான்காரர்களுடைய டெஸ்ட் ஓட்டும் கருவியை ஒருமுறை பாருங்கள், அதில் பட்ட அனுபவமெல்லாம் தெரியும். ஒரு டெஸ்ட் பாஸ் ஆகியும், போகிற போக்கில் ஒரு என்விரான்மென்ட் மாறியை மாற்றிவிட்டுப் போனால் அதைப் பிடித்து 'சூழல் மாறிவிட்டது' என்று புகார் சொல்லும். டெஸ்ட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டலாம், ஒன்றை நம்பி இன்னொன்று பாஸ் ஆகிக்கொண்டிருந்தால் அம்பலமாகிவிடும். பிழை தேடுவதற்கென்றே உருவாக்கும் டீபக் பில்டில் பெரிய ஆர் ஆப்ஷன் கொடுத்தால் ஒரே டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, அதாவது ஆப்ஜெக்ட்டுகளை விடாமல் பிடித்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை, கூடிக்கொண்டே போகிறதா என்று கணக்குப் பார்க்கும், சி மொழியில் எழுதிய மாட்யூலில் மெமரி ஒழுகுவது அங்கே மாட்டும்.

இதையெல்லாம் செய்தும் தப்புகிறவை உண்டு. ஜாவா மொழியின் பைனரி சர்ச்சை, அதாவது வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கோடை, எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-ல் தானே சொன்னது: கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், கூட்டல் இன்ட் என்ற முழு எண் வகையின் எல்லையைத் தாண்டினால் மைனஸாகிவிடும். அதற்கு வரிசையில் சுமார் 107 கோடி உறுப்புகள் வேண்டும். அந்தக் காலத்து டெஸ்ட் மெஷினில் அதற்கு மெமரிக்கு எங்கே போவது? சுமார் ஒன்பது வருடம் அந்த பக் நிம்மதியாக இருந்தது. பைத்தானில் இந்த மாதிரிக்கென்று பிக்மெம் டெஸ்ட்டுகளைத் தனியாக வைத்திருக்கிறார்கள், இத்தனை ஜிபி தருகிறேன் என்று நீங்கள் சொன்னால்தான் ஓடும். நிறைய ரேம் உள்ள மெஷின் கையில் இருப்பவர்கள் இதை ஓட்டிப் பார்த்துச் சொல்வதே ஒரு உதவி.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பெரிய பக் தேடி அலையாதீர்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷன் எதையாவது எடுத்து அதற்குத் தமிழைக் கொடுங்கள். நீண்ட உரையை வரிகளாக மடிக்கும் டெக்ஸ்ட்ராப் வரியை எங்கே உடைக்கிறது, இடைவெளி சேர்த்து ஒரே அகலமாக்கும் எல்ஜஸ்ட் வைத்த பட்டியல் திரையில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு நீளம் 5, கோணலாகத்தான் நிற்கும். அப்புறம் ஆவணத்தில் என்ன வாக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, இது வாக்கு மீறலா, இல்லை வாக்கே போதாதா என்று தெளிவாக்கி எழுதுங்கள். முதல் வகை என்றால் டெஸ்ட்டோடு புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, போடலாம். இரண்டாவது என்றால் நீண்ட வாதத்துக்குத் தயாராகுங்கள்.

லேப்டாப் கொண்டுவந்தவர்கள் சோர்ஸை இறக்கி, பைடீபக் ஆப்ஷனோடு பில்ட் போட ஆரம்பியுங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் கேள்விகளைக் கேளுங்கள்.