மூன்று நாளாகக் காயாத சீருடை: மலைப்பிள்ளைகளுக்கு எதை வாங்குவது?

[காட்சி: குன்னூர், நவம்பர் மாதம். வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டிய கொடி. அதில் ஒரு சிறிய அரைக்கால் சட்டை. பின்னால் மூடுபனி.]

இந்தக் கால்சட்டையை ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்தேன். இன்று செவ்வாய். இடுப்புப் பட்டையைத் தொட்டால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மொறமொறவென்று காய்ந்திருக்கும். கீழே பிள்ளைகளின் சீருடை விளையாட்டில் கிழிகிறது. இங்கே ஈரத்தில் வீணாகிறது. அரைகுறையாகக் காய்ந்ததை அடுப்பருகே வாட்டுகிறோம், ஆவி பறக்க இஸ்திரி போடுகிறோம், அப்புறம் துணி உழைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். நானும் திட்டியவள்தான்.

அதனால் கடைக்குள் போனதும் துணி சீக்கிரம் காயுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். முழுப் பருத்தி உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அப்படிக் குடிக்காது. மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டரும் ஒரு பங்கு பருத்தியும் கலந்த டெரிகாட் துணிதான் என் கணக்கில் மலைக்குப் பொருத்தம். உள்ளே ஒரு பருத்திப் பனியன் போட்டுவிட்டால் உடம்பில் உறுத்தாது.

[காட்சி: மேசையில் தண்ணீர்க் கிண்ணம். இடுக்கியில் பிடித்த ஒற்றை நூல். தீக்குச்சி.]

கடையில் "முழுப் பருத்தி" என்று சொல்லித் தந்தார்களா? தையலின் உள்பக்கத்துப் பிசிறிலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டில் பெரியவர் கையால் எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோல் கெட்டியாக நிற்கும். உண்மையான கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும். அது வராத "கம்பளி ஸ்வெட்டர்" பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். சீருடையை உள்வெளியாகத் திருப்புங்கள்.

[காட்சி: இரண்டு கால்சட்டைகள் அருகருகே, உள்பக்கம் வெளியே தெரிய.]

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பாருங்கள். இடது கையில் இருப்பதில் தையலுக்கு வெளியே கால் இஞ்ச்கூடத் துணி விடவில்லை. ஓரம் பிசிறு விட்டிருக்கிறது. நாலு முறை துவைத்தால் பிசிறு தையல்வரை வந்துவிடும், பிறகு நூலுக்குப் பிடித்துக்கொள்ளத் துணியே இருக்காது. வலது கையில் இருப்பதில் ஓரம் முழுக்க ஓவர்லாக், அதாவது பிசிறு விடாமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல், போட்டிருக்கிறது. கவட்டைப் பகுதியில் இரட்டைத் தையல் ஓடுகிறது. பிள்ளை சறுக்கு மரத்தில் உட்காரும்போது முதலில் விடுவது அந்த இடம்தான். இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அடுத்து கீழ்மடிப்பு. ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். அந்த வளர்ச்சி இடுப்பில் அவ்வளவாகத் தெரியாது, நீளத்தில்தான் தெரியும். நாமோ "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறோம். தோள் தையல் முழங்கைப் பக்கம் தொங்குகிறது, கைநுனி சாம்பாரில் தோய்கிறது. தோளும் இடுப்பும் இன்றைய அளவுக்கு இருக்கட்டும். நீளத்தை மட்டும் மடித்து உள்ளே வையுங்கள். தைக்கக் கொடுத்தால், "அக்கா, கீழே மூன்று இஞ்ச் மடிப்பு விடுங்கள், பினாஃபோர் தோள்பட்டையிலும் கொஞ்சம் விடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து வெட்டச் சொல்லவும் மறக்க வேண்டாம். உதகைப் பக்கம் இருப்பவர்கள் குளிருக்கு உள்ளே போடும் தெர்மலோடு பிள்ளையை நிறுத்தி அளவு எடுக்கவேண்டும்.

எத்தனை செட்? கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்கிறது. இரண்டு செட் என்றால் ஒவ்வொன்றும் நூறு நாள் உழைக்கவேண்டும், அதுவும் பாதி நாள் ஈரத்தோடு. மூன்று செட் இருந்தால் ஒவ்வொன்றும் 67 நாள் உழைத்தால் போதும், காய்வதற்கும் நேரம் கிடைக்கும். முதலில் கூடுதலாகச் செலவாகும்தான். ஆனால் ஜனவரியில் அவசரமாக நாலாவது செட் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பெற்றோருக்கு ஒன்று. எட்டாம் வகுப்புவரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை இலவசம். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறையும் அரசுத் திட்டத்தில் உண்டு. பள்ளியில் கேட்டுக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

[காட்சி: ஸ்வெட்டர். ஒரு கை மட்டும் நீண்டு தொளதொளவென்று தொங்குகிறது.]

இது என் கைவேலை. அக்ரிலிக் ஸ்வெட்டர், மழைநாள், காலை ஏழரை மணி, இஸ்திரிப் பெட்டி. ஒரே தேய்ப்பில் கை இழுத்த மிட்டாய்போல் ஆகிவிட்டது. அக்ரிலிக் சூடு பட்டால் உருவம் இழக்கும், திரும்ப வராது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவதும் வேண்டாம், நெருப்புக்கு நெருங்கினால் உருகிவிடும். கம்பளியின் பிடிவாதம் வேறு மாதிரி: வெந்நீரில் போட்டுக் கசக்கினால் பொம்மைச் சட்டையாகச் சுருங்கும். இரண்டையும் பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே கையை நீட்டிவிடும்.

ஈரோடு ஜவுளிச் சந்தையில் மலிவு என்பார்கள். மலிவுதான். ஆனால் ஒரு பிள்ளைக்காக இரண்டு பேர் மலையிறங்கி ஏறினால் மிச்சம் பிடித்தது பஸ் டிக்கெட்டுக்கே போய்விடும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நிறத்தில் துணியை முழுச் சுருளாக எடுத்து வந்தால் கட்டுப்படியாகும். பள்ளியில் கேட்டு ஒரு மாதிரித் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். நீலம் என்று பத்து நீலம் இருக்கிறது.

காலுறை ஐந்து ஜோடி, எல்லாம் ஒரே நிறம், ஒரே ரகம். ஒன்று தொலைந்தால் மிச்சம் இருப்பதற்கு ஜோடி கிடைக்கும். கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தாய்மார்களுக்கு அட்டைப்பூச்சி கடித்த கறை தெரியும்: வெள்ளைக் காலுறையில் ரத்தம். அதற்கு வெந்நீர் ஊற்றினால் கறை அங்கேயே குடியேறிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு உடனே ஊறவையுங்கள்.

[காட்சி: போன வருடப் பினாஃபோர். பிளேடு முனையால் கீழ்மடிப்பைப் பிரிக்கும் கை.]

இது என் மகள் முதல் வகுப்பில் போட்டது. மடிப்பைப் பிரித்தால் இதோ, இரண்டு இஞ்ச் புதுத்துணி. மடிந்திருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரிகிறது, அது துவைத்தாலும் போகாது. அதே நிற நூலில் கோட்டின் மேலேயே ஒரு தையல் ஓட்டிவிடுகிறேன். இப்போது அது அலங்காரத் தையல். அவள் நம்பிவிட்டாள், "இன்னொரு கோடும் போடம்மா" என்கிறாள்.