உப்பிட்டவர் யார்? 'மாஸ்டர்' என்ற பட்டம் பற்றி ஒரு பேச்சு

(விருதுநகர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் துணை வட்டாட்சியர் ஐயா அவர்களே, வாடகை என்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்டிருக்கும் அண்ணாச்சி அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியப் பெருந்தகையே, ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளே, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் பின்சுவரை ஒட்டி நிற்கும் சமையல் தொழிலாளத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். தோழர்களே, முதலில் நீங்கள் உட்காருங்கள். இன்றைய பேச்சே உங்களைப் பற்றியதுதான்.

அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றி மறந்தவனாவேன். ஏழை வீட்டுக் கல்யாணம் என்று யார் வந்து நின்றாலும், 'தேதியைச் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்' என்பார். தலைவர் ஐயாவோ, இந்த ஊரில் நூலகத்துக்குக் கட்டடம் வேண்டும் என்று அலைந்து செருப்புத் தேய்ந்தவர். இவர்கள் இருக்கும் மேடையில் எனக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாஸ்டர்', கடைகளில் சமைப்பவரை நாம் கூப்பிடும் பட்டம். இந்தப் பட்டத்தின் பொருள், அது வந்த வழி, நம் பக்கத்து வழக்கு, இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர் வழக்கு என்று நான்கு செய்திகளைச் சொல்ல இருக்கிறேன். அதற்கு முன்னால் நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று: உப்பிட்டவரை உள்ளளவும் நினை. சோறு போட்ட வீட்டுக்காரரை மறக்காதே என்றுதான் இதற்குப் பொருள் சொல்கிறோம். சரி, அந்தச் சோற்றிலும் குழம்பிலும் தன் கையால் உப்பை அள்ளிப் போட்டவர் யார்? அவரை யாராவது நினைத்தோமா?

'மாஸ்டர்' ஆங்கிலச் சொல், அதன் வேர் லத்தீனில் 'மாகிஸ்தர்'. தலைவன், ஆசான் என்று பொருள். அதே வேர் போர்ச்சுகீசியர் வாயில் 'மெஸ்த்ரே' ஆகி, நம் ஊரில் மேஸ்திரியாக வந்து நிற்கிறது. கொத்தனார் வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரியும் தோசைக்கல்லின் முன் நிற்கும் மாஸ்டரும் சொல்லால் உடன்பிறப்புகள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், ரயிலடியில் ஸ்டேஷன் மாஸ்டர், தையற்கடையில் கட்டிங் மாஸ்டர் என்று எங்கெல்லாம் ஒருவர் தொழில் தெரிந்து முன்னால் நிற்கிறாரோ அங்கெல்லாம் தமிழர்கள் இந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அந்த வரிசையில்தான் டீ மாஸ்டரும் புரோட்டா மாஸ்டரும். யாரும் சான்றிதழ் அச்சடித்துத் தரவில்லை. சாப்பிட்ட சனங்கள் கொடுத்த பட்டம் இது.

அதற்கு முன்பு நம்மிடம் பெயர் இல்லையா என்றால், நிறைய இருந்தன. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசன் பாணர்களுக்குப் போட்ட விருந்து, வீமன் எழுதிய சமையல் நூலிலிருந்து வழுவாமல் சமைத்தது என்று வருகிறது. 'பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்' என்பது அந்த அடி. சமையலுக்கு நூல் உண்டு, அந்த நூலுக்கு ஆசிரியர் உண்டு என்று நினைத்த சமூகம் இது. கோயிலில் மடைப்பள்ளி இருக்கிறது. மடை என்றால் சமைத்த உணவு. மடையன் என்ற சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சமையற்காரன் என்று ஒரு பொருள் தருகிறது. அறிவில்லாதவன் என்று திட்டும் மடையன், மடமையிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில் சமைப்பவரின் பழைய பெயர் வெளியில் சொல்ல முடியாததாகிவிட்டது. சைவ மடங்களில் தவசிப்பிள்ளை, கோயில்களில் சுயம்பாகி, ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் பிரியாணிக்குப் பண்டாரி என்று இன்னும் பெயர்கள் உண்டு.

இப்போது புதிதாக வந்திருப்பது 'செஃப்'. பிரெஞ்சில் 'ஷெஃப்' என்றால் தலைவர். ஆகஸ்ட் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரர் 1870இல் நடந்த பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் படைக்குச் சமைத்தவர். பிறகு லண்டன் சவாய் ஹோட்டல் அடுக்களையைப் படைப்பிரிவு மாதிரி அடுக்கினார். இறைச்சிக்கு ஒருவர், சாறு வகைக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், எல்லாருக்கும் மேலே ஒரு தலைவர். உலகமே இந்த ஏற்பாட்டைப் பார்த்து வியக்கிறது. ஐயா, நம் ஹோட்டலின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெங்காயம் உரிக்கும் கையாள், மாவு பிசைகிறவர், தோசை மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், சாம்பார் சட்னி குழம்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பான சரக்கு மாஸ்டர். சரக்கு மாஸ்டர் லீவு போட்டால் முதலாளிக்குத் தூக்கம் வராது. ஆக, ஷெஃப் என்றாலும் தலைவர்தான், மாஸ்டர் என்றாலும் தலைவர்தான். 2025இல் செஃப் தாமோதரன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சமையலுக்குக் கிடைத்த மரியாதை அது. அந்த மரியாதை நம் சரக்கு மாஸ்டர் வரைக்கும் வர வேண்டாமா?

இங்கே ஒரு கல்யாணக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சொந்தத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன கணக்கைவிட அதிகம் பேராக நான்கு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா முகம் செத்துவிட்டது. பின்னால் கோட்டை அடுப்பு பக்கம் ஓடினார். தலைமைச் சமையல்காரர் பஸ்ஸை எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இன்னொரு அண்டாவை ஏற்றச் சொன்னார், கூட்டில் பருப்பைக் கூட்டினார், ரசத்தைப் பெருக்கினார், பாயசத்துக்குப் பால் வாங்க ஒரு பையனைச் சைக்கிளில் விரட்டினார். கடைசிப் பந்தி வரைக்கும் ஒரு பதார்த்தம் குறையவில்லை. பாயசம் இரண்டாம் தடவை கேட்டவருக்கும் வந்தது.

எல்லாம் முடிந்ததும் பெண்ணின் தாத்தா, 'சமையல்காரரைக் கூப்பிடுங்கடா' என்றார். மண்டபமே அமைதியாகிவிட்டது. ஏதோ குறை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாலு பேர் ஓடினார்கள். அவர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கை கட்டி வந்து நின்றார். 'உம்ம பேர் என்ன?' என்று கேட்டார் தாத்தா. பார்த்தால், அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அழைத்து வந்த காண்ட்ராக்டரின் போனில்கூடச் 'சமையல் இரண்டு' என்றுதான் பதிந்திருந்தது. போட்டோ எடுத்தவருக்குப் பெயர் தெரியும், மேளக்காரருக்குப் பெயர் தெரியும், பத்திரிகையில் இருபத்தைந்து உறவினர் பெயர் இருந்தது.

தாத்தா அவரைக் கைபிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். தானே இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், சோற்று வாளியைத் தூக்கினார். அவர் சொன்னார்: 'ஐயா, கோவிச்சுக்காதீங்க. ராத்திரி பூரா புகை குடிச்ச வயித்துல சோறு இறங்காது. ரெண்டு டம்ளர் மோர் இருந்தாக் குடுங்க.' சமையல் வேலை பார்க்கும் தோழர்கள் இங்கே தலையாட்டுகிறார்கள், பாருங்கள். நமக்கு ஊட்டி முடிக்கும் நேரத்தில் அவர்களுக்குப் பசி செத்துப்போகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற வரியை அன்றைக்குத்தான் நான் சரியாகப் படித்தேன்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஆண் நின்றால் மாஸ்டர், அதே டீயைப் பெண் போட்டால் அக்கா. அன்பான சொல்தான், ஆனால் தொழில் தெரிந்தவர் என்ற மதிப்பு அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்ட காமராசர் பிறந்த ஊர் இது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பதவிகள் உண்டு, அவற்றில் பெரும்பாலும் பெண்கள். இப்போது தரும் குறைவான சிறப்புக் காலமுறை ஊதியத்தை மாற்றி, மற்ற அரசு ஊழியர்போல முறையான காலமுறை ஊதியம் தாருங்கள் என்று அவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நான் இந்த மேடையிலும் வைக்கிறேன்.

நான்காவது செய்தி பாக்கி இருக்கிறது. இலங்கையில் சமையலறைக்குக் குசினி என்ற சொல் எப்படி வந்தது, மலேசியாவில் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். இப்போது அதைவிட அவசரமான வேலை இருக்கிறது.

கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால் மாஸ்டருக்கு யார் செலவு செய்வது? அறுபது வயதில் தோள் இறங்கிப்போனால் யார் கஞ்சி ஊற்றுவது? தமிழ்நாட்டில் சமையல் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. பதினெட்டிலிருந்து அறுபது வயது வரை பதிந்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் நான் விசாரித்த கடைகளில் பாதி மாஸ்டர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. காண்ட்ராக்டர்களும் சொல்வதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கடையில் மாட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பதினான்கு இலக்கம், மாட்டுகிறோம். அதன் பக்கத்தில் சமைப்பவர் பெயரை எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமானால் முதலில் அவர் பெயர் நமக்குத் தெரிய வேண்டும்.

துணை வட்டாட்சியர் ஐயாவிடம் என் வேண்டுகோள்: தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் பேசி, பதிவு முகாம் ஒன்றை முகூர்த்தம் இல்லாத மாதத்தில் நடத்த உதவுங்கள். முகூர்த்த மாதத்தில் வைத்தால் ஒருவரும் வர முடியாது. அண்ணாச்சி, உங்களிடமும் கேட்கிறேன். மணமக்கள் பெயர் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் 'இன்றைய சமையல்' என்று ஒரு பலகை வைத்து, தலைமைச் சமையல்காரர் பெயரை எழுதுங்கள். அண்ணாச்சி சரி என்கிறார், கைதட்டுங்கள்.

வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது, போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள். தோழர்களே, நீங்கள் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். நன்றி, வணக்கம்.