ரிட்டயர் ஆனப்பறம் ஒத்தை ஆளா படகுல

நேயர்களுக்கு வணக்கங்க. கருவூலத்துல வேலை பாக்குற ஆளைக் கூப்பிட்டா பென்ஷன் பத்திதான் கேப்பாங்கன்னு நினைச்சேன், இவங்க என்னடான்னா கேனோங்கிற ஒல்லியான துடுப்புப் படகு பத்திப் பேசச் சொல்லிட்டாங்க, எனக்கென்ன, விடிய விடியப் பேசுவேன். 58 வயசுல ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போயிருக்கலாம், 2020-ல 59ன்னாங்க, 2021-ல 60ன்னாங்க, கேனோவுல தனியாப் போற என் கனவும் கூடவே தள்ளிப்போச்சு.

ஏற்காடு ஏரியில துடுப்பு வலிக்கிற போட் பாத்திருப்பீங்க, அதுல போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காரணும். கேனோவுல முன்னாடி பாத்துட்டே போலாம், கையில ஒரே துடுப்பு, அதுக்கு ஒரு முனையிலதான் இலை மாதிரி தட்டையான பாகம். ரெண்டு முனையிலயும் இலை இருந்தா அது கயாக்குங்கிற வேற வகைப் படகுக்கு உள்ளது. ஒத்தை ஆளுக்கு சிக்கலே இங்கதான், வலப்பக்கம் துடுப்பு போட்டா படகு இடப்பக்கம் திரும்பும். அதுக்குன்னு பக்கம் மாத்தி மாத்திப் போட்டுட்டு இருந்தா துடுப்புத் தண்ணி பூரா மடியிலதான். துடுப்பைப் பின்னாடி இழுத்து முடிக்கிற இடத்துல, மேல பிடிச்ச கையோட கட்டைவிரல் கீழ பாக்குற மாதிரி திருப்பி, தண்ணியை லேசா வெளிய தள்ளிவிடணும், படகோட மூக்கு நேராயிரும். ஜே ஸ்ட்ரோக்னு பேரு. சொல்றதுக்கு ஒரு நிமிஷம், கைக்குப் பழகுறதுக்குள்ள தோள் கழண்டுரும்.

அப்பறம் காத்து. மேட்டூர் டேம்ல ஆடி மாசம் நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், ஏரியிலயும் அலை அடிக்கும். தனியாப் போறவன் பின்னாடி உக்காந்தா மூக்கு தூக்கிக்கும், காத்து அதைப் பிடிச்சுத் திருப்பி விட்டுரும். நடுவுக்குப் பக்கமா முட்டி போட்டு உக்காரணும், பை முன்னாடி இருக்கணும். விடியக்காலையில கிளம்பி, காத்து ஏறுறதுக்குள்ள கரையேறிடணும்.

இதெல்லாம் கூட சமாளிச்சுரலாங்க, படகைத் தூக்கிட்டு நடக்குறதுதான் பெரிய பாடு. அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல பவுண்டரி வாட்டர்ஸ்னு ஒரு காடு, ஆயிரத்துக்கு மேல ஏரி, பெரும்பாலான ஏரியில மோட்டார் போட் கூடாது. அந்த ஊர் ஆளுங்க ரிட்டயர் ஆனா வாரக்கணக்குல அங்க தனியாப் போறாங்க. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவுல காட்டுப்பாதை, படகைத் தலைக்கு மேல கவுத்துத் தோள்ல வச்சுட்டு நடக்கணும், போர்ட்டேஜ்ங்கிறாங்க. தூரத்தை ராடுல சொல்றாங்க, ஒரு ராடு 16.5 அடி, நூறு ராடுன்னா அரை கிலோமீட்டர். கெவ்லார்ங்கிற லேசான, உறுதியான நாருல செஞ்ச ஒத்தை ஆள் கேனோ 15லருந்து 20 கிலோ வரும். சாமானை ஒரே நடையில தூக்க முடியலைன்னா பையை வச்சுட்டுத் திரும்பி வந்து படகை எடுக்கணும், அப்ப அதே பாதையை மூணு தடவை நடக்குறோம் பாருங்க. நான் சொல்ல வர்றது இதுதான், படகுப் பயணம்னு சொல்றோமே தவிர பாதிக்குப் பாதி சுமைகூலி வேலைதான்.

நம்ம காவேரியும் அப்படித்தான். மேட்டூர்ல இறங்கி ஜாலியா கல்லணை வரைக்கும் மிதந்து போயிரலாம்னு மேப்பை வச்சுட்டு உக்காந்தா, செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு கதவணை வரிசையா நிக்குது. பூலாம்பட்டி பக்கம் தண்ணி ஏரி மாதிரி தேங்கி நிக்குதுன்னு வேடிக்கை பாக்கப் போறோமே, அதுவே கதவணையாலதான். ஒவ்வொண்ணுலயும் கரையேறித் தூக்கிட்டு நடக்கணும். கதவணைக்குக் கிட்டப்போனா இழுத்துரும், டேம்ல தண்ணி திறந்தா ஆறே வேற மாதிரி ஆயிரும், அனுமதி வாங்காம யாரும் இறங்கிராதீங்க, லைஃப் ஜாக்கெட் இல்லாம சுத்தமா வேண்டாம்.

பென்ஷனுக்காக உயிரோட இருக்கோம்னு காட்ட கவுன்ட்டருக்கு வருஷா வருஷம் நேர்காணலுக்கு வர்ற பெரியவங்களை நான் பாக்குறப்ப எல்லாம் கண்ணு அவங்க முழங்காலுக்குத்தாங்க போகுது. கைப்பிடியைப் பிடிச்சு ரெண்டு படி ஏறுறதுக்கே நின்னு நின்னு வர்றாங்க. அதனால ஞாயித்துக்கிழமை ஆனா அரிசிச் சிப்பத்தைத் தோள்ல வச்சு மாடிக்கு ஏறி இறங்குறேன். பக்கத்து வீட்டுக்காரங்க நான் அரிசி வியாபாரம் ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சுட்டாங்க.

வீட்டம்மா தனியாப் போறதுக்கு சம்மதிச்சுட்டாங்க, ஒரே ஒரு கண்டிஷன். மொதல் தடவை பவானி கூடுதுறை வரைக்கும்தான், மச்சான் கரையோரமா டிவிஎஸ்ல கூடவே வரணும். ஒத்துக்கிட்டேன். டிபன் கேரியர் அவருகிட்டதான் இருக்கும். வணக்கம்.