ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் டிகிரி: எந்த நாடு யாரை உருவாக்கப் பார்க்கிறது?

[திரையில்: ஆய்வகம், டிரெட்மில்]

வணக்கம். மூச்சை அளக்கும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒருவர் டிரெட்மில்லில் ஓடுகிறார். வேகம் கூடக்கூட, அவர் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தசைகள் கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவைக் குறிக்கிறார் ஒரு மாணவி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் இளநிலைப் படிப்பில் பல நாடுகளில் இது வழக்கமான வகுப்புதான். ஆனால் அந்த மாணவியை என்னவாக ஆக்குவதற்கு இந்தப் பாடம்? அங்கேதான் நாடுகள் பிரிகின்றன.

இங்கிலாந்தில் பெரும்பாலும் 3 வருடப் படிப்பு. உடலியங்கியல், உடல் அசைவுகளை விசைகளைக் கொண்டு ஆராயும் பயோமெக்கானிக்ஸ், உளவியல் மூன்றும் அதன் தூண்கள். கடைசி வருடத்தில் மாணவர் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். லாக்டேட் எண்ணை அப்படியே நம்பாமல், எப்படி அளந்தார்கள், எத்தனை பேரிடம் அளந்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவரை உருவாக்குவதே நோக்கம்.

ஆஸ்திரேலியா வேறு வழி. எஸ்ஸா என்ற தொழில்முறை அமைப்பு தகுதிகளை வரையறுக்கிறது. பல்கலைக்கழகங்கள் அதற்கேற்பப் பாடம் அமைக்கின்றன. எக்சர்சைஸ் சயின்டிஸ்ட் அங்கீகாரத்துக்கு 140 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். இன்னும் மேலே போய் எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட் ஆனால், சர்க்கரை நோயாளிக்கும் இதய நோயாளிக்கும் உடற்பயிற்சித் திட்டம் வகுக்கலாம். டாக்டர் பரிந்துரைத்து வரும் நாள்பட்ட நோயாளிகளுக்கு, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் பணம் தருகிறது. படிப்பின் முடிவில் ஒரு வேலைப்பெயர் காத்திருப்பதால், எதற்குப் படிக்கிறோம் என்பது மாணவருக்கு முதல் நாளே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர, முதலில் உடலே தேர்வு எழுத வேண்டும்! நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம், நீண்ட ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. விளையாட்டைச் செய்து பார்த்தவர்தான் அதை ஆராய வேண்டும் என்ற எண்ணம். நியாயமானதுதான். ஆனாலும் ஜிம்னாஸ்டிக்ஸ் வராத ஒரு நல்ல ஆய்வாளரை அந்த வாசல் திருப்பி அனுப்பிவிடுமே என்ற கவலை எனக்கு உண்டு.

பிரான்ஸில் ஸ்டாப்ஸ் என்று ஒரு படிப்பு. பொதுவாகத் தொடங்கி, போகப்போக ஆசிரியப்பணி, போட்டிப் பயிற்சி, உடல்நலத்துக்கான தகவமைந்த பயிற்சி, நிர்வாகம் என்று கிளை பிரியும்.

சரி, அமெரிக்கா? 4 வருடம். பெயர் கினீசியாலஜியாகவும், அதாவது உடல் அசைவைப் பற்றிய படிப்பாகவும், இருக்கலாம், எக்சர்சைஸ் சயின்ஸாகவும் இருக்கலாம். இங்கே பலருக்கு இந்த டிகிரி ஒரு நடுப்படிதான். பிசியோதெரபிஸ்ட் ஆக அங்கே முனைவர் நிலைத் தொழிற்படிப்பு தேவை. அதற்கு விண்ணப்பிக்க வேதியியல், இயற்பியல், உடற்கூறியல் எல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதனால் மைதானத்தைவிட அறிவியல் ஆய்வகத்திலேயே அதிக நேரம் போகிறவர்களும் உண்டு.

[திரையில்: ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டப் பக்கம்]

கல்லூரி தேடும்போது டிகிரியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். முடித்தவுடன் எந்த வேலைக்குத் தகுதி, களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று கேளுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், களப்பயிற்சிப் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்தை அப்போதைக்கப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் தகுதியை இன்னொரு நாடு எடைபோடும்போது அந்தத் தாள்களைக் கேட்கலாம்.